தன்னிசை கண்ட கலைஞர்

இசைக் கருவிகளுள் சில அரசர் அவையில் வளர்ந்தன. சில இறைவன் திருமுன்னர் வளர்ந்தன. இன்னும் சில, உழைத்துக் களைத்த மக்கள் மாலைப்பொழுதில் கூடி ஆடிப்பாடும் இடங்களில் வளர்ந்தன. முதலிரு வகைக் கருவிகளுக்கும் கற்றோர் அவையில் எளிதில் இடம் கிடைத்தது. மூன்றாம் வகைக் கருவிகளோ அவ்வவையின் வாயிலில் நெடுங்காலம் காத்து நின்றன. அவ்வாறு காத்து நின்ற கருவிகளுள் ஒன்று அக்கார்டியன். அதனைத் தோளில் தாங்கி உலகப் புகழ் பெற்ற இசையரங்குகளுக்குள் அழைத்துச் சென்றவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ரிஷார் காலியானோ. அவர் ஜாஸ் இசைக் கலைஞர், இசையமைப்பாளர். பிறர் இசையைக் கற்றுத் தேர்ந்த ஒருவர் தமக்கே உரிய இசையை எவ்வாறு கண்டார் என்பதே அவர் வாழ்க்கை வரலாறு.

அக்கார்டியனின் அமைப்பை அறிந்துகொள்ளுதல் தமிழ்நாட்டாருக்கு அரிதன்று. நாடக மேடையிலும் பாட்டு வகுப்பிலும் ஒலிக்கும் ஆர்மோனியத்தை அவர்கள் நன்கறிவர். ஆர்மோனியத்தின் உள்ளே மெல்லிய உலோக நாக்குகள் வரிசையாக அமைந்திருக்கும். துருத்தியிலிருந்து வரும் காற்று அவற்றினூடே செல்லும்போது அவை அதிர்ந்து ஒலி எழுப்பும். அக்கார்டியனும் இம்முறையிலேயே இயங்குவது. ஆனால், அது தரையில் வைத்து வாசிக்கப்படுவதன்று. தோள்வாரில் மாட்டி மார்போடு அணைத்து வாசிக்கப்படுவது. இரு கைகளும் துருத்தியின் இருபுறத்திலும் இருக்கும். வலக்கை இன்னிசையை எழுப்ப, இடக்கை தாழ்ந்த சுரங்களையும் துணைச் சுரக்கூட்டங்களையும் ஒலிக்கும். அதே வேளையில் இடக்கை துருத்தியை விரித்தும் சுருக்கியும் காற்றை ஆளும். பாடகர்க்கு மூச்சு எத்தகையதோ அத்தகையது இக்கருவிக்குத் துருத்தி. பழைய தமிழ்த் திரைப்படப் பாடல்கள் பலவற்றிலும் இதன் ஒலியைக் கேட்கலாம்.

காற்றால் நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் முறையைச் சீனர் 'ஷெங்' என்னும் கருவியில் மிகப் பழங்காலத்திலேயே கையாண்டனர். ஐரோப்பாவில் சிரில் டெமியன் என்பவர், வியன்னா நகரில் 1829ஆம் ஆண்டு, 'அக்கார்டியன்' என்னும் பெயரில் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் இத்தாலியில் காஸ்டல்பிடார்டோ என்னும் ஊர் இக்கருவித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. விலை மிகுந்த பியானோவை வாங்க இயலாத எளியோர் இதனை விரும்பினர். பிழைப்புத் தேடிப் பிற நாடு செல்வோர் இதனைக் கையோடு எடுத்துச் சென்றனர். பிரெஞ்சு மக்கள் இதற்கு 'ஏழையின் பியானோ' என்று பெயரிட்டனர். அப்பெயரில் அன்பும் உண்டு. ஒருவகை இகழ்ச்சியும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள ஓவர்னி மலைநாட்டு மக்கள் பலர் வேலை தேடிப் பாரிஸ் நகருக்கு வந்தனர். அவர்கள் தண்ணீர் சுமந்தனர், கரி விற்றனர், சிறு மதுக்கடைகள் வைத்தனர். அக்கடைகளில் தங்கள் ஊர்த் துருத்திக் குழலை ஊதி ஆடி மகிழ்ந்தனர். 'மியூசெட்' என்பது அத்தகைய குழலின் பெயர். பின்னர் இத்தாலியிலிருந்து குடியேறியோர் அக்கார்டியனுடன் வந்து சேர்ந்தனர். முதலில் இரு சாராரும் ஒருவரையொருவர் பகைத்தனர். நாளடைவில் இரு இசைகளும் கலந்தன. குழல் மறைந்தது, அதன் பெயர் மட்டும் நின்றது. பாஸ்டில் சதுக்கத்தை அடுத்த லாப் தெரு முதலிய இடங்களில் 'மியூசெட்' என்னும் நடனக் கூடங்கள் பெருகின. மூன்று தட்டு கொண்ட வால்ஸ் நடன இசை அங்கே தழைத்தது.

இவ்வாறு தழைத்த இசைக்கு 1930களில் ஒரு புது வாழ்வு கிடைத்தது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் தோற்றுவித்த ஜாஸ் இசை அப்பொழுது பாரிசில் பரவியிருந்தது. கித்தார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட் ஜாஸ் இசையில் ஐரோப்பாவுக்கே பெருமை தேடித் தந்தார். அவர் இளமையில் நடனக் கூடங்களில் அக்கார்டியன் கலைஞர்களுக்குப் பான்ஜோ வாசித்துத் துணைசெய்தவர். கஸ் விசேர், டோனி முரேனா போன்ற அக்கார்டியன் கலைஞர்கள் ஜாஸின் துள்ளல் நடையை மியூசெட் வால்ஸில் புகுத்தினர். ஆயினும் அவ்வளர்ச்சி நீடிக்கவில்லை. 1960களில் மின்கித்தாரும் ராக் இசையும் இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்தன. அக்கார்டியன், முதியோர் விரும்பும் பழங்கருவி என்று ஒதுக்கப்பட்டது.

இத்தகைய காலத்தில் வளர்ந்தவரே ரிஷார் காலியானோ. அவர் 1950ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள், பிரான்சின் தென்கடற்கரையில், கான் நகரை அடுத்த லெ கனே என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் லூசியன், இத்தாலிய மரபினர், அக்கார்டியன் கலைஞர், அக்கருவியைக் கற்பிக்கும் ஆசிரியர். மகன் நான்கு வயதிலேயே தந்தையிடம் பாடம் தொடங்கினான். பிற சிறுவர்க்கு விளையாட்டுப் பொருள் எதுவோ அதுவே இச்சிறுவனுக்கு அக்கார்டியன் ஆயிற்று. வீட்டு மொழியைக் குழந்தை கற்பது போல அவன் அக்கருவியின் மொழியைக் கற்றான்.

சிறுவன் வளர்ந்து நீஸ் நகரின் இசைக் கல்லூரியில் சேர்ந்தான். பிரான்சின் இசைக் கல்லூரிகள் அந்நாளில் அக்கார்டியனைப் பொதுவாகப் பாடமாக ஏற்கவில்லை. பாரிசிலுள்ள தேசிய இசைக் கல்லூரியிலேயே அக்கருவிக்குரிய வகுப்பு 2002ஆம் ஆண்டில்தான் தொடங்கப்பெற்றது என்றால், அக்காலத்து நிலையை எண்ணிப் பார்க்கலாம். தான் உயிராக நேசித்த கருவிக்கு இடமில்லாத கல்லூரியில் அவன் டிராம்போன் என்னும் ஊதுகருவியைப் பயின்றான். அதனுடன், சுரங்களை ஒருங்கே இசைக்கும் இலக்கணத்தையும், பல இன்னிசைகளை ஒன்றோடொன்று பின்னும் இலக்கணத்தையும் முறையாகக் கற்றான். ஊதுகருவியால் மூச்சின் அருமை விளங்கியது. இலக்கணப் பயிற்சியால் இசையமைக்கும் ஆற்றலுக்கு அடிப்படை அமைந்தது. அக்கல்வி பின்னாளில் அக்கார்டியனுக்கே பயன்பட்டது.

பதினான்காம் வயதில் அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. கிளிபர்டு பிரவுன் என்னும் அமெரிக்கக் கறுப்பின டிரம்பெட் கலைஞரின் இசைத்தட்டுகளை அவர் கேட்டார். பிரவுன் 1956ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயதிலேயே, மோட்டார் விபத்தில் உயிரிழந்தவர். அவர் விட்டுச் சென்ற இசைத்தட்டுகளோ கடல் கடந்து, ஒரு பிரெஞ்சுச் சிறுவனின் ஆசிரியராயின. ஜாஸ் இசையில் கலைஞர், எழுதி வைத்ததை அப்படியே வாசிப்பதில்லை. கருநாடக இசைவாணர் கற்பனைச் சுரம் பாடுவதைப் போல, ஒரு பாட்டின் அமைப்புக்குள் நின்று, அந்த நொடியில் தோன்றும் கற்பனையை ஒலிப்பர். மாக்ஸ் ரோச்சின் முழங்கும் முரசொலிக்கு மேல் பிரவுனின் டிரம்பெட் பொழிந்த கற்பனைகளைக் காலியானோ ஒவ்வொன்றாகக் கேட்டு, உள்ளத்தில் பதித்து, அக்கார்டியனில் வாசித்துப் பழகினார்.

இவ்வளவு உயிருள்ள இசையில் தம் கருவிக்கு மட்டும் இடமில்லையே என்னும் வியப்பும் வருத்தமும் அவருள்ளத்தில் எழுந்தன. அதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. முழு அளவு அக்கார்டியன்கள் பலவற்றில் இடக்கைப் பக்கம் 120 பொத்தான்கள் இருக்கும். அவற்றுட் பலவற்றில், ஒரு பொத்தானை அழுத்தினால் மூன்று சுரங்கள் சேர்ந்த ஒரு கூட்டு ஒலிக்கும். நடன இசைக்கு இது மிக எளிது; ஜாஸின் நுட்பமான சுரச் சேர்க்கைகளுக்கோ இது தளை. மேலும், பிரெஞ்சு மரபில் ஒரே சுரத்துக்குரிய இரண்டு மூன்று நாக்குகளைச் சிறிதளவு வேறுபடச் சுருதி சேர்ப்பர். அதனால் ஒலி அலைபோல் நடுங்கும். காதற் பாட்டுக்கு இனிய அந்நடுக்கம், விரைந்து ஓடும் ஜாஸ் கற்பனையை மங்கச் செய்யும். காலியானோ ஒற்றை நாக்கின் தெளிந்த ஒலியைப் பெரிதும் கையாண்டார். துருத்தியின் அழுத்தத்தால் சுரத்துக்குச் சுரம் உயிர்ப்பை மாற்றினார். பெட்டியின் ஓசை, மூச்சின் ஓசையாக மாறியது.

இளமையின் வேகத்தில் அவர் மற்றொன்றும் செய்தார். நடனக் கூடத்து மியூசெட் இசையை அறவே வெறுத்து ஒதுக்கினார். அது பழையது, எளியது, வாணிகத்துக்கு அடிமைப்பட்டது என அவருக்குத் தோன்றியது. பிற நாட்டார் இக்கருவியை எவ்வாறு கையாளுகின்றனர் என்று ஆராய்ந்தார். அமெரிக்காவில் ஆர்ட் வான் டாம் முதலியோர் ஜாஸ் வாசிப்பதைக் கேட்டார். பிரேசில் நாட்டுச் சிவூக்கா முதலியோரின் நடையையும் கற்றார். இத்தேட்டம் வீண்போகவில்லை. கருவியின் எல்லை விரிந்தது; கைத்திறன் வளர்ந்தது. ஆயினும் ஒரு குறை அவரை அறியாமலே உடன் வளர்ந்தது. அமெரிக்கரின் ஜாஸை அமெரிக்கரைப் போலவே வாசிக்கும் பிரெஞ்சுக்காரராக அவர் இருந்தார். திறமை அவருடையது; குரல் பிறருடையது.

1970களில் அவர் பாரிஸ் நகரில் குடியேறினார். அங்கே கிளாட் நூகாரோ என்னும் கவிஞரின் நட்புக் கிடைத்தது. நூகாரோ துலூஸ் நகரில் பிறந்தவர். ஜாஸின் தாளத்தைப் பிரெஞ்சு மொழியின் சொல்லோசையோடு இணைத்துப் பாடியவர். காலியானோ அவர் குழுவில் பல ஆண்டுகள் வாசித்தார், இசைக்கோப்புச் செய்தார், பாடல்களுக்கு மெட்டமைத்தார். பார்பரா, செர்ஜ் ரெஜியானி, ஷார்ல் அஸ்னவூர் போன்ற புகழ்பெற்ற பாடகர்களுக்கும் துணைக்கருவி வாசித்தார். துணைக்கருவி வாசிப்போர் பெயரை அவையினர் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஆனால், அப்பணி தரும் பாடம் அரியது. பாடகர் மூச்சு விடும் இடம் எது, ஒரு சொல்லுக்கு முன் எவ்வளவு மௌனம் வேண்டும், எங்கே வாசியாது நிற்பது அழகு என்பனவற்றை அவர் அக்காலத்தில் கற்றார். நூகாரோவின் பெயரால் அவர் அமைத்த 'டாங்கோ பூர் கிளாட்' என்னும் இசை, அவருடைய படைப்புகளுள் மிகுதியும் வாசிக்கப்படும் ஒன்றாகும். 'கிளாடுக்கு ஒரு டாங்கோ' என்பது அதன் பொருள்.

1980களின் தொடக்கத்தில் அவர் அர்ஜென்டினா நாட்டு இசை மேதை ஆஸ்டர் பியாசோலாவைச் சந்தித்தார். பியாசோலா வாசித்த கருவி பண்டோனியன். அதுவும் அக்கார்டியனின் உறவே; செருமனியில் தோன்றி, குடியேறிய எளிய மக்களோடு தென் அமெரிக்கா சென்று, புவனஸ் அயர்ஸ் நகரின் டாங்கோ நடன இசைக்கு உயிராயிற்று. இருபத்தொன்பது வயது மூத்தவரான அக்கலைஞர், காலியானோவின் திறமையை உடனே உணர்ந்தார். அத்திறமையில் இருந்த குறையையும் உணர்ந்தார். அதனை அவர் உணர்ந்ததற்குக் காரணம் உண்டு. அதே குறை ஒரு காலத்தில் அவரிடமும் இருந்தது.

1954ஆம் ஆண்டில் பியாசோலா, உயர்ந்த இசையமைப்பைக் கற்பதற்காகப் பாரிசுக்கு வந்து, நாடியா பூலாஞ்சே என்னும் அம்மையாரை அடைந்தார். அவ்வம்மையார் உலகின் பல நாட்டு இசையமைப்பாளர்களுக்கு ஆசிரியராக விளங்கியவர். பியாசோலா தாம் எழுதிய பெரிய இசை நூல்களை அவர்முன் வைத்தார். அவற்றில் ஐரோப்பியப் பேராசிரியர் பலருடைய சாயலைக் கண்ட அம்மையார், பியாசோலாவை மட்டும் காணவில்லை. அவர் எந்தக் கருவியை வாசிப்பவர் என வினவினார். இரவு விடுதிகளில் பண்டோனியனில் டாங்கோ வாசித்ததைச் சொல்லப் பியாசோலா நாணினார். அம்மையார் வற்புறுத்தவே தாம் அமைத்த டாங்கோ ஒன்றைப் பியானோவில் வாசித்தார். அம்மையார் மகிழ்ந்து, உண்மையான பியாசோலா இங்கேதான் இருக்கிறார், இதனை ஒருபோதும் கைவிடலாகாது என்று அறிவுறுத்தினார். அச்சொல்லிலிருந்து 'புதிய டாங்கோ' என்னும் இசை வளர்ந்தது.

ஆசிரியர் ஒருவரிடம் தாம் பெற்ற அந்த அறிவுரையைப் பியாசோலா இளைய கலைஞர்க்கு வழங்கினார். அமெரிக்க நடையிலேயே நின்றுவிட வேண்டா. பிரெஞ்சு மண்ணில் உள்ள வேர்களைத் தேடுக. டாங்கோவைத் தாம் புதுப்பித்தது போல மியூசெட்டைப் புதுப்பிக்குக என்பது அவ்வறிவுரையின் சாரம். கேட்பதற்கு எளிய இச்சொல், காலியானோவுக்கு எளிதாக இருந்திருக்க முடியாது. எந்த இசையை விட்டு விலகியதால் தாம் உயர்ந்ததாக எண்ணியிருந்தாரோ, அதே இசைக்கு அவர் திரும்ப வேண்டியிருந்தது. தெருவின் இசை என்று உலகம் இகழ்ந்ததை அவரும் இகழ்ந்திருந்தார். இப்பொழுது அவ்விகழ்ச்சியையே விட வேண்டியதாயிற்று.

அறிவுரை கிடைத்த மறுநாளே பயன் விளைந்துவிடவில்லை. ஏறக்குறையப் பத்தாண்டுகள் சென்றன. அக்காலத்தில் அவர் பிறருடன் சேர்ந்து வாசித்தார். புதிய வால்ஸ்களை அமைத்தார். விசேரும் முரேனாவும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எவ்வாறு என்று முயன்றார். 1990ஆம் ஆண்டில் புகழ்பெற்ற அமெரிக்கக் கலைஞர் ரான் கார்ட்டரின் பாஸ் கருவியும் இவருடைய அக்கார்டியனும் மட்டுமே ஒலித்த 'பனாமன்ஹாட்டன்' என்னும் இசைத்தொகுப்புப் பதிவாயிற்று. 1991ஆம் ஆண்டில் 'நியூ மியூசெட்' என்னும் தொகுப்பு வெளிவந்தது. 'புதிய மியூசெட்' என்னும் அப்பெயரே, பியாசோலாவின் அறிவுரைக்கு அளித்த விடையாக அமைந்தது. அதில் பிலிப் கேதரின் கித்தாரும், பியேர் மிஷெலோ பாஸும், ஆல்டோ ரொமானோ முரசும் வாசித்தனர். பிரான்சின் ஜாஸ் கழகம் பின்னர்க் காலியானோவுக்கு ஜாங்கோ ரைன்ஹார்டின் பெயரால் அமைந்த பரிசை வழங்கிச் சிறப்பித்தது. மியூசெட் கூடத்தில் பான்ஜோ வாசித்த ஜாங்கோவின் பெயரிலேயே, மியூசெட்டைப் புதுப்பித்தவருக்குப் பரிசு கிடைத்தது பொருத்தமுடையதே.

புதிய மியூசெட்டின் புதுமை யாது? வால்ஸின் மூன்று தட்டுகளும் அவ்விசையில் உள்ளன. பாரிஸ் தெருக்களில் திரிவோர் சீட்டியடிக்கத் தக்க இனிய மெட்டும் உள்ளது. ஆனால், முதல் தட்டில் மட்டும் அழுத்தம் விழும் பழைய ஒழுங்கு தளர்ந்து, ஜாஸின் துள்ளல் அதனுள் புகுந்துள்ளது. மெட்டுக்கு அடியில் செல்லும் சுரக்கூட்டங்கள் எதிர்பாராத திசையில் திரும்புகின்றன. ஒரு முறை மெட்டு ஒலித்தபின், கலைஞர்கள் மாறி மாறித் தம் கற்பனையைப் பொழிகின்றனர். ஆடுதற்கென்றே இருந்த இசை, அமர்ந்து கேட்பதற்கும் உரியதாயிற்று. எனினும் அதனைக் கேட்போரின் கால்கள் தாளமிடாமல் இருப்பதில்லை. கிளிபர்டு பிரவுனிடம் கற்றதும், தந்தையிடம் கற்றதும், துணைக்கருவி வாசித்துக் கற்றதும் இவ்விசையில் ஒன்றுகூடின. பிற நாட்டு இசையைக் கற்ற ஆண்டுகள் வீணாயின என்று கூறுதல் ஆகாது. அவ்வாண்டுகள் இன்றேல், பழைய மியூசெட்டைத் திரும்ப வாசிப்பவராகவே அவர் நின்றிருப்பார்.

பியாசோலா 1992ஆம் ஆண்டில் புவனஸ் அயர்ஸ் நகரில் மறைந்தார். அவர் நினைவைக் காலியானோ பல முறை இசையாலேயே போற்றினார். 2003ஆம் ஆண்டில் 'என்றென்றும் பியாசோலா' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு தொகுப்பை வெளியிட்டார். அதற்கு முன்பே 'லவுரிட்டா', 'நியூயார்க் டாங்கோ' முதலிய தொகுப்புகள் அவர் பெயரை நாடெங்கும் பரப்பியிருந்தன. மிஷெல் போர்த்தால் என்னும் கிளாரினெட் கலைஞருடன் இணைந்து அவர் வாசித்த 'புளோ அப்', 1997ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அமெரிக்க டிரம்பெட் கலைஞர் விண்டன் மார்சலிஸ், தென்பிரான்சின் மார்சியாக் இசைவிழாவில் இவருடன் ஒரே மேடையில் வாசித்தார். அமெரிக்கப் பாடகி பில்லி ஹாலிடேயின் பாடல்களும், பாரிஸ் பாடகி எடித் பியாபின் பாடல்களும் அம்மேடையில் ஒருங்கே ஒலித்தன. பிறர் நடையில் வாசித்தபொழுது மாணாக்கராக இருந்தவர், தம் நடையைக் கண்டபின் அவர்களுக்கு ஒப்பானவராக அரங்கேறினார்.

காலியானோவின் முயற்சி ஜாஸோடு நிற்கவில்லை. 2010ஆம் ஆண்டில் செருமானிய மேதை பாஹ் அமைத்த இசையை, நரம்புக் கருவிகள் துணைசெய்ய, அக்கார்டியனில் வாசித்து வெளியிட்டார். பாஹ் காலத்தில் அக்கார்டியனே இல்லை. வேறு கருவிகளுக்கென எழுதப்பட்ட அவ்விசை, மக்கள் கருவியிலும் மாண்புடன் ஒலிக்கும் என்பதை அப்பதிவு காட்டியது. பின்னர் இத்தாலிய மேதை விவால்டியின் இசையையும் அவ்வாறே வாசித்தார். அக்கார்டியனும் நரம்புக் கருவிகளும் சேர்ந்து இசைக்கும் 'ஓபல் கான்செர்ட்டோ' முதலிய பெரும் படைப்புகளையும் இயற்றினார். தம் தந்தையாருடன் சேர்ந்து அக்கார்டியன் பயிற்சி நூல் ஒன்றையும் எழுதினார். நான்கு வயதில் தந்தையிடம் பாடங்கேட்ட மகன், பிற்காலத்தில் அத்தந்தையோடு அமர்ந்து, வருங்கால மாணவர்க்குப் பாடம் எழுதியது மகிழ்தற்குரியது.

ஒருவர் தம் மரபை இரு வகையில் இழக்கலாம். இகழ்ந்து விட்டுவிடுதல் ஒரு வகை. மாற்றம் ஏதுமின்றிப் பூட்டி வைத்து, உயிரற்றதாக்கிவிடுதல் மற்றொரு வகை. காலியானோ இளமையில் முதல் வகைக்கு அருகே சென்றார். மூத்தோர் சொற்கேட்டு மீண்டார். மீண்டபின் இரண்டாம் வகையிலும் வீழவில்லை. தொலைநாட்டில் கற்றதைத் தம் மண்ணில் விதைத்தார். அவ்விளைவு இரு நாட்டிற்கும் பொதுவாயிற்று. ஏழையின் பியானோ என்று பெயர் பெற்ற கருவி, அப்பெயரைக் குறித்து நாணவேண்டிய நிலை இன்று இல்லை. கருவிக்கு உயர்வு தாழ்வு இல்லை. அதனை ஏந்துவோரின் உழைப்பும் உண்மையுமே அதற்கு உயர்வு தருவன.

பயிற்சி வினாக்கள்

1. அக்கார்டியனுக்கும் ஆர்மோனியத்துக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளைக் கூறுக.

2. 'குழல் மறைந்தது, அதன் பெயர் மட்டும் நின்றது' - விளக்குக.

3. ஜாஸ் இசையை வாசிப்பதில் அக்கார்டியனுக்கு இருந்த தடைகள் யாவை? காலியானோ அவற்றை எவ்வாறு கடந்தார்?

4. நாடியா பூலாஞ்சே அம்மையார் பியாசோலாவுக்குக் கூறியதும், பியாசோலா காலியானோவுக்குக் கூறியதும் எவ்வாறு ஒத்துள்ளன?

5. ஒருவர் தம் மரபை இழக்கும் இரு வகைகளை, அறிந்த கலை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கட்டுரையாக எழுதுக.